கழற்றும் கூரையும் கத்தும் காற்றும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2011-ல் இங்கே இயந்திரவியல் முடித்தவன். இப்போது இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில், கார்களுக்கான ரப்பர் பீடிங் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். "என்னப்பா, இவ்வளவு படிச்சுட்டு கதவு இடுக்கு அடைக்கிற வேலையா?" என்று ஊரில் ஒரு மாமா கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதிலாகவே இந்த உரையை வைத்துக்கொள்ளலாம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சின்னது: கழற்றி மாட்டக்கூடிய கூரை உள்ள காரில் காற்றுச் சத்தத்தையும் காற்றுக் கசிவையும் எப்படிச் சரிசெய்வது?

நம் ஊரில் இந்த மாதிரிக் கார்கள் குறைவு. வெயிலைக் கண்டாலே கூரையைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுகிற ஆசை, ஆண்டில் பாதி நாள் மேகமாக இருக்கும் நாடுகளில்தான் அதிகம். போர்ஷே நிறுவனம் 1965-ல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் '911 டார்கா' காரைக் காட்டியது. சிசிலித் தீவில் நடந்த 'டார்கா ஃபுளோரியோ' பந்தயத்தின் பெயரிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. பின்னால் ஒரு வளைந்த எஃகுப் பட்டை நிலையாக நிற்கும். தலைக்கு மேலே உள்ள பகுதியை மட்டும் எடுத்துவிடலாம். 1968-ல் செவ்ரலே கார்வெட் 'டி-டாப்' என்ற அமைப்புடன் வந்தது. நடுவில் ஒரு சட்டம், இரு பக்கமும் இரண்டு பலகைகள். 1989-ல் அறிமுகமான மாஸ்டா எம்.எக்ஸ்-5 காருக்குத் துணிக் கூரைக்கு மேலாக, தனியே கழற்றும் கெட்டிக் கூரையும் வாங்கிக்கொள்ள முடிந்தது. ஜீப் ராங்ளரின் 2007-ஆம் ஆண்டு மாடலில் கெட்டிக் கூரையே மூன்று துண்டாக வந்தது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சங்கடம் உண்டு. சாதாரணக் காரில் கூரையும் உடம்பும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. அங்கே இடுக்கு என்ற பேச்சே இல்லை. கழற்றும் கூரையில் முன் கண்ணாடிச் சட்டத்தோடு ஒரு சேர்க்கை, பின்பக்கம் ஒரு சேர்க்கை, இரு பக்கக் கண்ணாடிகளின் மேல் விளிம்போடு இரண்டு சேர்க்கைகள். அந்தக் கண்ணாடிகளுக்கோ பெரும்பாலும் சட்டமும் கிடையாது. ஆக, நான்கு பக்கமும் காவல் போட வேண்டிய கோட்டை அது.

காற்று எந்தப் பக்கம் போகிறது?

கார் ஓடும்போது காற்று உள்ளே நுழைகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கூரை ஓரத்தில் பெரும்பாலும் நடப்பது நேர் எதிர். காற்று உள்ளிருந்து வெளியே உறிஞ்சப்படுகிறது.

முதலாண்டில் பெர்னூலி படித்திருப்பீர்கள். முன் கண்ணாடியில் ஏறி, கூரை விளிம்பில் திரும்பும் காற்று வேகமெடுக்கிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. காருக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய சாதாரண அழுத்தத்தில் இருக்கிறது. எனவே உள்ளே இருப்பது வெளியே தள்ளுகிறது. புயல் நாளில் நம் கடற்கரை ஊர்களில் தகரக் கூரை உள்ளே விழுவதில்லை, மேலே பறக்கிறது. காரணம் இதேதான்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 100 கி.மீ. என்றால் விநாடிக்கு 27.8 மீட்டர். காற்றின் அடர்த்தி 1.2 என்று வைத்து, அதில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் சுமார் 463 பாஸ்கல். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோ எடை. கூரை மேல் உறிஞ்சல் சராசரியாக இதில் பாதி என்று வைத்தாலும், ஒரு சதுர மீட்டர் கூரையை 23 கிலோ அளவுக்கு ஏதோ ஒரு கை மேலே தூக்கிக்கொண்டே இருக்கிறது. முன் விளிம்பில் இன்னும் அதிகம். வேகம் 120 ஆனால் இந்த விசை 1.44 மடங்காகிவிடும்.

வீட்டுக் குக்கர் கேஸ்கெட்டை நினைத்துப் பாருங்கள். உள்மூடி வைத்த குக்கரில் ஆவி ஏற ஏற மூடி கேஸ்கெட்டை இன்னும் அழுத்தும். அழுத்தமே அடைப்புக்குத் துணை. கழற்றும் கூரையில் அழுத்தம் நமக்கு எதிரி. வேகம் கூடக் கூட பலகை ரப்பரை விட்டு விலகப் பார்க்கும். அதனால்தான் வீட்டு வாசலில் நிற்கும்போது ஒரு குறையும் தெரியாத கார், நெடுஞ்சாலையில் கத்துகிறது. "நின்னா நல்லா இருக்கு சார், ஓடினாத்தான் சத்தம்" என்று யாராவது சொன்னால் அவரை நம்புங்கள்.

சத்தத்தில் எத்தனை ஜாதி?

எல்லாக் காற்றுச் சத்தமும் ஒன்றல்ல. முதல் வகை, கசிவு. 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பு சீறுவது போல இருக்கும். 250 பாஸ்கல் வித்தியாசம் இருந்தால் போதும், இடுக்கின் வழியே காற்று விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பாயும். ஒரு மி.மீ. இடைவெளி பத்து செ.மீ. நீளத்துக்கு இருந்தால் அது ஒரு சதுர செ.மீ. ஓட்டை. உங்கள் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் அப்படி ஓர் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, விசில். கூரைக்கும் முன் சட்டத்துக்கும் நடுவே வெளியில் ஒரு பள்ளம் இருக்கும். அதன் வாய்மீது காற்று ஓடினால், காலி பாட்டில் வாயில் ஊதியது போல ஒரே சுருதியில் பாடும். இதில் காற்று காருக்குள் வரவே வேண்டாம். உள் ரப்பர் நூறு சதம் சரியாக இருந்தாலும் விசில் வரும். மூன்றாவது, வடிவச் சத்தம். பலகை அரை மி.மீ. தூக்கி நின்றால் காற்று அந்தப் படியில் இடறி விழுந்து இரையும். நான்காவது, கூரை ஆடுவதால் வரும் கடகடப்பு. இது காற்றுச் சத்தமே இல்லை, பூட்டு தளர்ந்ததன் அறிகுறி.

வேகத்தோடு இவை வளரும் விதமும் வேறு. கசிவுச் சத்தத்தின் ஆற்றல் ஏறக்குறைய வேகத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். விளிம்பில் இடறும் சத்தம் ஆறாம் அடுக்கில் ஏறும். வேகம் இரட்டித்தால் முன்னது 12 டெசிபல், பின்னது 18 டெசிபல். 10 டெசிபல் கூடினாலே நம் காதுக்கு இருமடங்கு போலத் தோன்றும். "60-ல போனா ஒண்ணும் இல்ல, 110-ல பேசவே முடியல" என்பதன் கணக்கு இதுதான்.

ஒரு தம்பதியும் அவர்களுடைய காரும்

என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, லேத் பட்டறையில் நாற்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். அவரிடம் கழற்றும் கெட்டிக் கூரையோடு ஒரு பழைய இரண்டு இருக்கைக் கார். என்ன கார் என்பது இங்கே முக்கியமில்லை. அவரும் அவர் மனைவியும் மாதம் ஒருமுறை மகள் வீட்டுக்கு மூன்று மணி நேரம் அந்தக் காரில்தான் போவார்கள். அந்த அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், கருவி போட்டிருக்கிறார்.

ஒருநாள் பெரியவர் சொன்னார்: "முன்னெல்லாம் போகும் வழி முழுக்கப் பேசிக்கொண்டே போவோம். இப்போது அவள் காரில் ஏறியதும் காதுக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறாள். மூன்று மணி நேரம் நான் தனியாகத்தான் ஓட்டுகிறேன். இந்தக் காரை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன்."

ஒரு பட்டறையில் அவருக்கு முழு ரப்பர் செட்டையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தொகை கார் விலையில் பாதி. இன்னொருவர் அதற்கு முன்பே இடுக்கெல்லாம் சிலிக்கோன் பசையை அப்பி வைத்திருந்தார். இரண்டு பேருமே காற்று எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

கசிவின் சீறல் உயர்ந்த சுருதியில் இருப்பது. நம் பேச்சில் ச, த, க, ப போன்ற மெய்யொலிகளின் அடையாளமும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. உயிரொலி கேட்கும், சொல் புரியாது. காதுக் கருவியோ அந்த உயர்ந்த ஒலிகளைத்தான் கூட்டிக் கொடுக்கும்; சீறலையும் சேர்த்துக் கூட்டும். அந்த அம்மா கருவியைக் கழற்றியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

தேடும் முறை

முதல் வேலை, பூட்டுகளைப் பார்ப்பது. சத்தம் அப்புறம். 23 கிலோ தூக்கும் விசையைப் பிடித்து வைத்திருப்பவை அந்த நான்கைந்து கொக்கிகளும் போல்ட்டுகளும்தான். ஒன்று தளர்ந்திருந்தாலும் சாலைக்கு எடுக்கக் கூடாது. பறந்து போகும் கூரை பின்னால் வருபவன் தலையில்தான் விழும். இந்தக் காரில் பின்பக்க போல்ட் ஒன்று கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. கடகடப்பு அங்கேயே தீர்ந்தது.

இரண்டாவது, டேப் சோதனை. பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டும் காகித டேப் ஒரு சுருள் போதும். கூரையின் எல்லாச் சேர்க்கைகளையும் வெளியிலிருந்து ஒட்டிவிட்டு, காற்றில்லாத நாளில், ஒரே சாலையில், ஒரே திசையில், ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டும். ஓட்டுபவர் ஒருவர், கேட்பவர் இன்னொருவர். அங்கே நெடுஞ்சாலை வேக வரம்பு மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 112 கி.மீ. அந்த வேகத்தில் போனோம். சத்தம் அடங்கிவிட்டது. ஆக, குற்றவாளி டேப்புக்கு அடியில்தான் இருக்கிறான். பக்கவாட்டுப் பார்வைக் கண்ணாடியோ டயரோ அல்ல.

பிறகு ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு துண்டு டேப்பை மட்டும் உரித்துவிட்டு அதே ஓட்டம். பின்பக்கம் உரித்தோம், மாற்றமில்லை. முன் சட்டத்தில் உரித்தோம், ஒரு மெல்லிய விசில். இடப்பக்கக் கண்ணாடியின் பின் மூலையில் உரித்தோம், சீறல் முழுசாகத் திரும்பி வந்தது. அங்கே இடப்பக்கம் பயணியின் இருக்கை. அந்த அம்மாவின் காதுக்கு நேர் பக்கத்தில்!

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெளியில் ஒட்டும் டேப் கசிவையும் அடைக்கும், பள்ளத்தையும் மூடும். இரண்டையும் பிரிக்க, வெளி டேப்பை எடுத்துவிட்டு உள்பக்கம் மட்டும் ஒட்டிப் பார்க்க வேண்டும். உள் டேப்பில் சத்தம் நின்றால் கசிவு. நிற்காவிட்டால் வெளிப் பள்ளத்தின் பாட்டு. முன்சட்ட விசில் உள் டேப்புக்கு அடங்கவில்லை. மூலைச் சீறல் அடங்கியது. நோய் இரண்டு, மருந்தும் இரண்டு.

மூன்றாவது, நின்றபடி செய்யும் சோதனைகள். ஒரு ரூபாய் நோட்டு அகலக் காகிதத்தை ரப்பரில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். எங்கும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். ரப்பரில் சாக்பீஸ் தூளைத் தடவி மூடித் திறந்தால், கண்ணாடியில் தூள் ஒட்டிய கோடு அறுந்த இடம் தெரியும். கண்ணாடிகளை ஏற்றி, உள் விசிறியை வெளிக்காற்றில் வைத்து முழு வேகத்தில் ஓடவிட்டு, வெளியே சோப்பு நீர் தடவினால் கசியும் இடத்தில் நுரை கிளம்பும். ஊதுபத்தியை விளிம்போரம் நகர்த்தினால் புகை அலையும். தொழிற்சாலையில் நாங்கள் உள்ளே அல்ட்ராசானிக் ஒலிபரப்பியை வைத்து வெளியே கருவியால் கேட்போம். கருவி இல்லாதவர்க்கு ஒரு முழ ரப்பர் குழாய் போதும். ஒரு முனை காதில், ஒரு முனை இடுக்கில்.

அடைப்பதற்கு முன் நேர்ப்படுத்து

அந்த மூலையில் ரப்பர் நன்றாகத்தான் இருந்தது! விரலால் அமுக்கினால் மறுபடி எழுந்தது. கோளாறு கண்ணாடியில். பல ஆண்டுகள் ஏறி இறங்கியதில் கதவுக்குள் இருக்கும் தடம் தளர்ந்து, கண்ணாடி வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டது. நிற்கும்போது ரப்பரை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓடும்போது பக்கவாட்டு உறிஞ்சல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் வெளியே இழுக்கும். சட்டமில்லாத கண்ணாடிக்குப் பிடிமானம் கீழே மட்டும்தானே? அந்த நொடியில் இடுக்கு திறந்துகொள்ளும். முழு ரப்பர் செட்டையும் மாற்றியிருந்தாலும் அந்தச் சீறல் போயிருக்காது.

எனவே வரிசை முக்கியம். முதலில் கதவு நேராகத் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கண்ணாடியின் சாய்வு, அதன்பின் அது ஏறி நிற்கும் உயரம். அடுத்து கூரையின் இருப்பு, பூட்டுகளின் இறுக்கம். ரப்பர் கடைசியில்தான். கதவின் உள்பலகையைக் கழற்றி, தடத்தின் கீழ் போல்ட்டைச் சரிசெய்து கண்ணாடியை உள்ளே சாய்த்தோம். குழாய் வடிவ ரப்பர் வழக்கமாகத் தன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அமுங்க வேண்டும். குறைந்தால் கசியும். மிகுந்தால் கதவு மூடாது, ரப்பரும் சீக்கிரம் தட்டையாகிப் போகும்.

முன்சட்டத்தில் ஒரு துண்டு ரப்பர் மட்டும் தட்டையாகி, எழும்ப மறுத்தது. அதை மட்டும் மாற்றினோம். விசில் பாடிய பள்ளத்தில், தண்ணீர் வடியும் வழியை விட்டுவிட்டு, மெல்லிய நுரைப் பட்டை வைத்தோம்; பாட்டில் வாய் அடைபட்டது, பாட்டும் நின்றது. இரு பூட்டுகளையும் ஒரே அளவு இறுக்கினோம். ஒரு பக்கம் மட்டும் முறுக்கினால் பலகை கோணிக்கொண்டு இன்னொரு மூலையில் வாய் திறக்கும்.

செய்யக் கூடாதவை சில. இடுக்கெல்லாம் சிலிக்கோன் அப்பக் கூடாது. வெளி ரப்பருக்கும் உள் ரப்பருக்கும் நடுவே ஒரு வாய்க்கால் உண்டு. வெளி ரப்பரைத் தாண்டும் மழைநீர் அதில் ஓடி, குழாய் வழியே கீழே போக வேண்டும். அதை அடைத்தால் காற்று நிற்காது, தண்ணீர் மடியில் கொட்டும். இந்தக் காரில் அந்தப் பசையைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் ஆனது. குழாய் ரப்பரில் உள்ள சிறு துளைகளை ஓட்டை என்று நினைத்து அடைக்காதீர்கள். அமுங்கும்போது உள்காற்று வெளியேறுவதற்காக நாங்களே வைக்கும் துளை அது. பீடிங் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். வெயில், மழைக்கு அஞ்சாது, ஆனால் பெட்ரோலியம் கிரீஸ் பட்டால் ஊதிப்போகும். சோப்பு நீரில் கழுவி, சிலிக்கோன் கிரீஸ் மெல்லிதாகத் தடவினால் போதும்.

அளவுகோல் எது?

எல்லாம் முடிந்தபின் கருவி வைத்து அளந்தேன். மொத்தச் சத்தத்தில் குறைந்தது ஒன்றிரண்டு டெசிபல்தான்! ஏனென்றால் மொத்தத்தில் பெரும் பங்கு டயரும் எஞ்சினும் தரும் தாழ்ந்த உறுமல். ஒற்றை எண்ணை மட்டும் பார்த்தவர் "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டிருப்பார். ஆனால் போனது, பேச்சை மறைத்துக்கொண்டிருந்த அந்த உயர்ந்த சீறல். அடுத்த பயணத்தில் அந்த அம்மா கருவியைக் கழற்றவில்லை. "வழி முழுக்க என் ஓட்டுதலில் குறை சொல்லிக்கொண்டே வந்தாள்" என்று பெரியவர் என்னிடம் புகார் செய்தார். நான் செய்த வேலைகளில் இதுவரை கிடைத்த சிறந்த சான்றிதழ் அதுதான். காரை அவர் விற்கவில்லை.

தம்பி தங்கைகளே, மாணவர்களாகிய உங்களுக்கு இதிலிருந்து இரண்டு சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஒன்று, வாங்கிப் போடுவதற்கு முன் கண்டுபிடியுங்கள். ஒரு சுருள் டேப்பும் ஒரு சாக்பீஸும் செய்யும் வேலையைப் பல நேரம் பணத்தால் செய்ய முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. நம் ஆய்வுக்கூடத்தில் ரெக்கார்டு நோட்டில் எழுதி எழுதிச் சலித்த அதே பாடம்தான்.

இரண்டு, கருவி காட்டும் எண்ணும் மனிதர் படும் தொல்லையும் எப்போதும் ஒன்றல்ல. எண்ணைக் குறைப்பது பாதி வேலை. யாருக்கு, எதற்காகக் குறைக்கிறோம் என்று தெரிந்துகொள்வது மீதி. இடுக்கு அடைக்கிற வேலைதான் என்னுடையது. அந்த இடுக்கின் ஒரு பக்கம் பெர்னூலி இருக்கிறார், மறுபக்கம் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். ஊர் மாமாவிடம் அடுத்த முறை இதைத்தான் சொல்லப் போகிறேன்.

பகல் உணவு நேரத்தில் யாருடைய காராவது கத்துகிறது என்றால் சொல்லுங்கள். டேப் சுருள் பையில்தான் இருக்கிறது.